நெல்லை வெயிலில் ஆர்க்கிட் பூக்குமா?

பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்த் திரும்பும் நெல்லைக்காரர்கள் பலர் வீட்டுக்கு ஓர் ஆர்க்கிட் தொட்டி வாங்கி வருகிறார்கள். பெரும்பாலும் அது ஃபெலனாப்சிஸ். அகலமான இலைகள் நாலைந்து, நடுவிலிருந்து வளைந்து நீளும் ஒரு தண்டு, அதில் வரிசையாக வெள்ளை அல்லது ரோஸ் நிறப் பூக்கள். வாங்கிய பூ இரண்டு மாதம்கூட வாடாமல் நிற்கும், பிறகு உதிரும். அதன் பின் ஒரு வருடம், இரண்டு வருடம் வெறும் இலைதான். செடி சாகவில்லை; புது இலை விடுகிறது, வேரும் விடுகிறது. பூவைத்தான் காணோம். உரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், தொட்டியை மாற்றிப் பார்க்கிறார்கள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டுப் பார்க்கிறார்கள்.

இதற்கான விடை உரக்கடையில் கிடைக்காது. அது வெப்பமானியில் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ பிளான்சர்டும் எரிக் ரங்கிளும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தைத் தீர்த்துவைத்தது. ஃபெலனாப்சிஸ் செடிகளைப் பல வெப்பநிலை அறைகளில் 20 வாரம் வைத்துப் பார்த்தார்கள். 14 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரையிலான அறைகளில் பெரும்பாலான செடிகள் பூத்தண்டு விட்டன. 29 டிகிரி அறையில் ஒன்றுகூட விடவில்லை. முக்கியமான செய்தி இதற்கு அடுத்தது. பகலில் 29 டிகிரி வைத்து, இரவில் மட்டும் 17 டிகிரிக்குக் குளிர்வித்த அறையிலும் ஒரு செடிகூடப் பூத்தண்டு விடவில்லை. இரவுக் குளிர்தான் பூக்க வைக்கும் என்று வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்தது பாதி உண்மைதான். பகல் எவ்வளவு சுடுகிறது என்பதே அந்தச் செடிக்குத் தீர்ப்பு.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களிலும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதாவது ஃபெலனாப்சிஸ் தண்டு விடத் தேவையான வாரங்கள் நம் காலண்டரில் இல்லவே இல்லை. படுக்கையறை ஏசிக்குப் பக்கத்தில் ராத்திரி மட்டும் கொண்டுபோய் வைத்தாலும் பலன் கிடைக்காது என்பதை மேலே சொன்ன சோதனையே காட்டிவிட்டது. பகல் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்தின் ஜன்னலோரத்தில் வைத்தால் வாய்ப்பு உண்டு. நெதர்லாந்திலும் தைவானிலும் வணிகமாக வளர்ப்பவர்கள் செய்வது இதைத்தான்: 28 டிகிரியில் வைத்து இலையை மட்டும் வளர்க்கிறார்கள், விற்க வேண்டிய நாளைக் கணக்கிட்டு 20 டிகிரிக்கு அருகே இறக்குகிறார்கள், தண்டு கிளம்புகிறது. கடையில் நாம் பார்க்கும் அந்தப் பூ, தேதி குறித்து வரவழைத்த பூ.

ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் அந்தக் குளிர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். பாளையங்கோட்டையில் 30 என்றால், ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மாஞ்சோலைப் பக்கம் 23, 24. அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர், அங்கே 18. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போகப் போக மழையும் கூடுகிறது. கீழே நகரத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதைப் போலப் பல மடங்கு அங்கே கொட்டுகிறது. மரத்துக்கு மரம் பாசியும் பெரணியும் ஆர்க்கிட்டும் ஒட்டி நிற்பது அதனால்தான். தாமிரபரணி வறண்ட மாதங்களிலும் ஓடுவது அந்தக் காட்டின் தயவில். அதே காடு ஆர்க்கிட்டின் தாய்வீடும்கூட.

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போய் நர்சரிகளைப் பார்த்தவர்கள், "அங்கே வீட்டுக்கு வீடு பூத்துக் கிடக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று கேட்பதுண்டு. அங்கே பூப்பவை பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ் கிடையாது. தாய்லாந்து வழி வந்த டென்ட்ரோபியம், வாண்டா, மொக்காரா கலப்பினங்கள். இவை வெப்பநாட்டுச் செடிகள். பூக்க இவற்றுக்குக் குளிர் வேண்டாம், வெளிச்சம் வேண்டும். கல்யாண மேடைகளில் குத்தும் ஊதா நிற 'சோனியா' இந்த டென்ட்ரோபியம் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நெல்லையில் முதன்முதலாக ஆர்க்கிட் வைக்க விரும்பும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஃபெலனாப்சிஸை மறந்துவிடுங்கள், டென்ட்ரோபியத்தில் தொடங்குங்கள்.

ஆனால் வெப்பம் ஒத்துப்போனாலும் காற்று ஒத்துப்போவதில்லை. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்து அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே தப்பி வரும் ஈரம் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சாரலாகிவிடும். அங்கே ஆனி, ஆடியில் செடி தானாக நனையும். திருநெல்வேலிக்கு வருவது மிச்சமிருக்கும் காய்ந்த காற்றுதான். கேரளத்து நர்சரியில் கொழுகொழுவென்று இருந்த செடி நம் மொட்டைமாடியில் இரண்டே மாதத்தில் சுருங்கிப்போவது வெயிலால் என்று நினைப்போம். பெரும்பாலும் அந்தக் காற்றால். மேற்கே ஒரு சுவரோ தென்னங்கீற்றுத் தட்டியோ காற்றுக்கு மறைப்பாக இருக்க வேண்டும். மேலே பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை. கீழே, தொட்டிகளுக்கு அடியில், எந்நேரமும் நனைந்திருக்கும் மணலோ செங்கல் ஜல்லியோ பரப்பிய தட்டு. இந்த மூன்றும் உரத்தைவிட முக்கியம்.

ஆர்க்கிட்டின் வேரை ஒருமுறை உற்றுப் பார்த்தால் தண்ணீர் ஊற்றும் முறை தானாகப் புரிந்துவிடும். மரத்தில் தொற்றி வாழும் இனங்களின் வேரைச் சுற்றி இறந்த செல்களாலான ஒரு பஞ்சு உறை உண்டு; வெலமன் என்பார்கள். காய்ந்திருக்கும்போது அந்த செல்களுக்குள் காற்று நிறைந்து வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். தண்ணீர் பட்டதும் உறை அதை உறிஞ்சிக்கொள்ள, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். வெள்ளையாக இருந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் பொறுக்கலாம். மண்ணில் புதைத்தால் இந்த உறை காயவே வழியில்லாமல் வேர் அழுகிவிடும். அதனால்தான் மண்ணே சேர்க்காமல் அடுப்புக்கரித் துண்டு, உடைத்த ஓடு, தேங்காய்க் கதம்பை இவற்றில் நிறுத்துகிறோம். கதம்பையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து அதன் உப்பையும் சாற்றையும் எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நெல்லைக்கு ஒரு பெரும் வரம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு குறைவு. தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாய் வீட்டில் இருந்தால் அதையே ஊற்றலாம். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் சில மாதங்களில் கரித்துண்டின் மேல் வெள்ளைப் படலம் படிந்து, வேர் நுனிகள் கருகத் தொடங்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை. உரமும் ஒரு வகை உப்புதான். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 போதும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகக் கரைத்து, வாரம் ஒருமுறை தெளித்தால் அதற்கு மேல் வேண்டியதில்லை.

காலையில் ஊற்ற வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. ஃபெலனாப்சிஸ், வாண்டா போன்ற தடித்த இலை ஆர்க்கிட்டுகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கின்றன. இரவில் கரியமில வாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகின்றன. கள்ளியும் அன்னாசியும் செய்வது இதேதான். மரக்கிளையில் மண்ணில்லாமல் வாழும் செடிக்குப் பகல் வெயிலில் ஈரத்தை இழக்காமலிருக்க இதுவே வழி. காலையில் ஊற்றினால் இருட்டுவதற்குள் குருத்து காய்ந்துவிடும்; இரவில் அதில் தண்ணீர் தேங்கினால் அழுகல் நோய் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குருத்தழுகிச் செத்த செடிகள்தான் நம் பக்கம் அதிகம். அந்த இரண்டு மாதமும் செடிகளை மழை நேரே விழாத இடத்துக்கு நகர்த்திவிடுவது நல்லது.

இனி காத்திருப்பு. டென்ட்ரோபியம் புதுக்குருத்து விட்டு, அது தண்டாகப் பருத்து, கடைசி இலையை விரித்து முடித்த பிறகுதான் அதன் மேல் கணுக்களில் பூத்தண்டு புடைக்கும். வளர்ந்த செடியைப் பிரித்து நட்டால் ஒரு வருடத்துக்குள்கூடப் பார்த்துவிடலாம். குடுவையில் முளைத்த நாற்றாக வாங்கினால் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். வாண்டா இன்னும் நிதானம். நாற்றிலிருந்து நான்கு, ஐந்து வருடம் என்பது சாதாரணம். இந்தக் காலத்தில் செடி பூக்கப் போகிறதா என்பதை இலை நிறம் சொல்லிவிடும். கரும்பச்சையாக மினுமினுக்கும் இலை பார்க்க அழகு. வெளிச்சம் போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். லேசாக மஞ்சள் ஓடிய இளம்பச்சை வேண்டும். மதிய வெயிலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வலையை இன்னும் இறக்குங்கள்.

மொட்டு வந்த பிறகு உதிர்ந்துபோகிறதே என்று வருந்துபவர்கள் வராந்தாவைச் சுற்றி ஒரு பார்வை பார்க்க வேண்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றங்கரை முழுக்க வாழை. வீட்டில் ஏத்தன் தார் ஒன்று பழுக்கத் தொங்கினால், அதிலிருந்து எத்திலீன் வாயு வரும். காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு ஆர்க்கிட் மொட்டுகளை விரியும் முன்பே மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். தாரையோ தொட்டியையோ இடம் மாற்றினால் போதும்.

காத்திருப்பு என்றதும் டென்ட்ரோபியம் குருமனாட்டம் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிங்கப்பூரில் சாலையோர மரங்களில் தானாக வளரும் புறா ஆர்க்கிட் அது. அதன் மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். ஒருநாள் பெருமழை கொட்டி, காற்றின் வெப்பம் சட்டென ஐந்தாறு டிகிரி இறங்கினால், அந்த அதிர்ச்சியில் எல்லா மொட்டுகளும் விழித்துக்கொள்ளும். சரியாக ஒன்பதாம் நாள் காலையில், வட்டாரத்தில் உள்ள அத்தனை செடிகளும் ஒன்றாக வெள்ளையாகப் பூத்து, அன்றைக்கே வாடிவிடும். ஊரெல்லாம் ஒரே நாளில் பூத்தால்தான் ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போகும். ஒரு நாள் மட்டும் வாழும் பூவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் வீட்டில் நாம் காத்திருப்பதெல்லாம் விதை காத்திருப்பதன் முன் ஒன்றுமே இல்லை. ஆர்க்கிட் காய் ஒன்றில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும்; தூசியைப் போன்றவை, ஊதினால் பறந்துவிடும். நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல் முளைக்கும் செடிக்கான உணவு அந்த விதைக்குள் கிடையாது. பிறகு எப்படி முளைக்கிறது? 1899இல் பிரான்சின் ஃபோன்டன்புளோ காட்டில் நோயல் பெர்னார் என்ற இளைஞர், இலைக்குப்பைக்கு அடியில் புதைந்துகிடந்த ஒரு காய்க்குள் முளைத்திருந்த விதைகளைக் கண்டார். ஒவ்வொரு முளைக்குள்ளும் பூஞ்சை இழைகள் ஓடியிருந்தன. பூஞ்சை உள்ளே நுழைந்து உணவு தந்தால்தான் ஆர்க்கிட் விதை முளைக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். காட்டில் விழும் லட்சம் விதைகளில் சரியான பட்டையில், சரியான பூஞ்சைக்குப் பக்கத்தில் போய்ச் சேருபவை ஒன்றிரண்டுதான். 17ஆம் நூற்றாண்டின் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் மலையாள மருத்துவர்கள் தந்த ஆர்க்கிட் பெயர்கள் ஆஞ்சிலி மரவாழை, காஞ்சிர மரவாழை என்று மரத்தின் பெயரோடு வருகின்றன. பூஞ்சையைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே, எந்தச் செடி எந்த மரத்தில் என்பதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள்.

பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைக்க முடியும் என்று 1922இல் காட்டியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன். சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த கடல்பாசிக் கூழைக் குடுவையில் உறையவைத்து, அதன் மேல் விதையைத் தூவினார். பூஞ்சை தர வேண்டிய உணவைக் கூழ் தந்தது. மதுரை ஜிகர்தண்டாவில் விழும் அதே கடல்பாசி இது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் முக்குளித்துப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இதை எடுக்கிறார்கள். உலகம் முழுதும் கோடிக்கணக்கில் விற்கும் ஆர்க்கிட் எல்லாம் இப்படிப்பட்ட குடுவைகளில் தொடங்கியவை.

நம் மலைக்கும் இந்தக் குடுவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஓர் ஆர்க்கிட் பாஃபியோபெடிலம் துருரி. மஞ்சள் பூ, நடுவே கருஞ்சிவப்புக் கோடு, கீழிதழ் ஒரு சின்னப் பை. இந்தியாவின் மற்ற பாஃபியோபெடிலங்கள் எல்லாம் வடகிழக்கு மலைகளில் இருக்க, இது ஒன்று மட்டும் தெற்கே தனித்து நிற்கிறது. 1865இல் கர்னல் துருரியின் கண்ணில் பட்டது. சென்னை மாகாணத்தின் வன அதிகாரி பெடோம் 1874இல் அதை விவரித்து, துருரியின் பெயரையே வைத்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் பார்க்கவில்லை, அழிந்தே போனதென்று நினைத்தார்கள். 1970களில் மீண்டும் கண்டறியப்பட்டதும் சேகரிப்பவர்கள் மலையேறி வேரோடு பிடுங்கி இறக்கினார்கள். அழிந்ததாக நினைத்த காலத்தில் பிழைத்துக் கிடந்த செடி, கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அழிவின் விளிம்புக்குப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை. பிடுங்கிப் போனவர்களில் பலரால் அதைப் பூக்க வைத்திருக்கவும் முடியாது. 1,400 மீட்டருக்கு மேல், பாறைப் புல்வெளியின் மூடுபனியில் வளர்ந்த செடி அது.

மலைக்கு அந்தப் பக்கம் பாலோட்டில், பேராசிரியர் ஆபிரகாம் தலைமையில் 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இந்தச் செடியைக் குடுவையில் பெருக்கி, மலைக்கே திருப்பிக் கொண்டுபோய் நட்டது. அதே நிறுவனத்து விஞ்ஞானிகள் 2003இல் இன்னொரு செடிக்கும் இதே முறையை எழுதி வெளியிட்டார்கள்: வாண்டா ஸ்பாதுலேட்டா.

வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நெல்லைக்காரர்கள் இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்மஞ்சள் பூ, தென்னிந்தியாவின் தாழ்ந்த, காய்ந்த காடுகளிலும் இலங்கையின் உலர்ந்த பகுதிகளிலும் கொடிபோல் ஏறி, சுள்ளென்ற வெயிலில் பூப்பது. இதன் உறவான வாண்டா டெஸ்ஸலேட்டா மணம் உள்ளது, அதுவும் வறண்ட காட்டு மரங்களில் வளர்வதுதான். நாம் ஃபெலனாப்சிஸுக்காக ஏசியையும் குளிர்ந்த பகலையும் தேடிக்கொண்டிருக்க, நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஆர்க்கிட்டுகள் இவை. ஆனால் இவற்றை நர்சரிகளில் தேடினால் கிடைப்பது அரிது. தைவான் செடி கிடைக்கும், தாய்லாந்துச் செடி கிடைக்கும், நம் அடிவாரத்துச் செடி கிடைக்காது.

அதனால்தான் காட்டுக்குப் போகிறவர்கள் சிலர் கிளையோடு ஒடித்துக்கொண்டு வருகிறார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஓர் இலையைப் பறிப்பதும் குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மரத்திலிருந்து பிய்த்த வேர் கிழிந்த வேர்தான், அந்தச் செடி மாடியில் பெரும்பாலும் ஒரு கோடையைத் தாண்டாது. சாலையோரத்தில் யாராவது காட்டுச்செடி விற்றால் வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த வாரம் இன்னொன்று ஒடிபடும்.

வனத்துறை அனுமதியோடு எடுக்கும் ஒரே ஒரு காய் போதும், ஊருக்கே நாற்று தரலாம். கூழ் தயாரிக்கும் முறை நூறாண்டுப் பழையது. வாண்டா ஸ்பாதுலேட்டாவுக்கான குறிப்பு 2003 முதல் அச்சில் இருக்கிறது. திசு வளர்ப்பு தெரிந்த தாவரவியல் துறைகள் பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலேயே உண்டு. தோட்டக்கலைத் துறையும் ஒரு கல்லூரியும் கைகோத்தால் குற்றாலத்திலோ பாபநாசத்திலோ இந்த நாற்றுகளை விலைக்கு வாங்கிப் போகலாம். விதை குடுவைக்குள் போன நாளிலிருந்து முதல் பூ வரை குறைந்தது நான்கைந்து ஆண்டு. அந்தக் கணக்கைத் தொடங்கி வைக்கச் சொல்லித்தான் அவர்களிடம் கேட்கிறேன், இந்த ஆண்டே.